கறுப்புப் பையோடு புதைத்த கன்றுகள்

பள்ளிச் சுற்றுச்சூழல் மன்றத்துக்கு நான் பொறுப்பாசிரியரான முதல் ஆண்டு, ஜூன் 5 அன்று நாற்பது கன்றுகள் நட்டோம். அடுத்த ஜூனில் பள்ளி திறந்தபோது மிஞ்சியவை மூன்று. பட்டுப்போன புங்கங்கன்று ஒன்றைப் பிடுங்கிப் பார்த்தேன். நாற்றுப் பண்ணையின் கறுப்புப் பாலித்தீன் பை அப்படியே இருந்தது. வேர்கள் வழியின்றி அதற்குள்ளேயே சுருண்டு கிடந்தன. பையைக் கிழித்துவிட்டு நட வேண்டும் என்று பிள்ளைகளிடம் யாரும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. விருந்தினர் வந்துவிடுவாரே என்ற அவசரம்.

தேதியிலும் தவறு இருக்கிறது. உலகச் சுற்றுச்சூழல் நாளன்றே நட வேண்டும் என்று எந்த விதியும் இல்லை. ஜூன் நடவு கேரளத்துக்குப் பொருந்தும். நீலகிரி, கன்னியாகுமரிக்கும் பொருந்தும். தமிழ்நாட்டின் பெரும்பாலான மாவட்டங்களில் பெருமழை அக்டோபரிலிருந்து டிசம்பர் வரைதான். ஜூனில் நட்டால் நான்கு மாதம் குடத்தில் நீர் சுமக்க வேண்டும். அந்த மாதத்துக்கு வேறு நல்ல வேலை இருக்கிறது. வேப்பம்பழம் உதிரும் காலம் அது. வேப்பங்கொட்டையின் முளைப்புத்திறன் சில வாரங்களிலேயே போய்விடும். பொறுக்கிய கையோடு சதை நீக்கி, நிழலில் உலர்த்தி விதைக்கப் பிள்ளைகளிடம் சொல்லுங்கள். ஐப்பசி மழையில் நடுவதற்குத் தாங்களே வளர்த்த கன்று அவர்கள் கையில் இருக்கும். வாங்கி வந்த கன்றின்மேல் அந்தப் பாசம் வருவதில்லை.

தாமதமாக வந்த மாணவனைக் குப்பை பொறுக்கச் சொல்லும் வழக்கத்தை இன்றே நிறுத்துங்கள். தூய்மைப் பணியைத் தண்டனையாக்கினால், அந்தப் பணி இழிவானது என்றுதான் மற்ற நாற்பது பேரும் கற்றுக்கொள்கிறார்கள். குறிப்பிட்ட சில பிள்ளைகளையே திரும்பத் திரும்ப அதற்கு அனுப்புவது கொடுமை. நம் ஊரில் அதில் சாதியும் கலந்திருக்கிறது. முறை வைத்தால் எல்லோருக்கும் வையுங்கள், ஆசிரியர் உட்பட.

ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக் பொருள்களுக்குத் தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தடை உள்ளது. பிளாஸ்டிக் பூச்சுள்ள காகிதக் குவளையும் அந்தப் பட்டியலில் உண்டு. மேடையில் மஞ்சப்பையின் பெருமையைப் பேசிவிட்டு, கீழே அதே குவளையில் தேநீர் கொடுத்தால் பிள்ளைகள் கவனிக்காமல் இருப்பார்களா? பரிசுப் பொருளைப் பளபளக்கும் தாளில் சுற்றுவதும் வேண்டாம்.

மக்கு உரக் குழி பல பள்ளிகளில் ஒரே மாதத்தில் மூடப்படுவதற்குக் காரணம் நாற்றம். மதிய உணவின் மிச்சத்தை மட்டும் கொட்டினால் நாறத்தான் செய்யும். ஒரு வாளி மிச்சத்துக்கு இரண்டு மூன்று வாளி காய்ந்த சருகு போடுங்கள்; சத்துணவு முட்டை ஓடுகளை நொறுக்கிச் சேருங்கள். மைதானத்தில் சருகை எரிக்கும் பழக்கமும் தானாக நின்றுவிடும். தட்டு கழுவும் நீரைச் சோற்றுப் பருக்கை வடிகட்டி வாழைக்குத் திருப்பலாம்.

இவற்றையெல்லாம் பெரும்பாலும் ஒன்பது, பத்தாம் வகுப்புகளிடம் ஒப்படைக்கிறோம். அவர்களுக்குப் பொதுத்தேர்வு நெருக்குகிறது. அதோடு பள்ளியை விட்டே போய்விடுகிறார்கள். ஆறாம் வகுப்பிடம் கொடுங்கள். மே விடுமுறையில் யார் எந்தக் கிழமை நீர் ஊற்றுவது என்பதைப் பள்ளிக்கு அருகில் குடியிருக்கும் பிள்ளைகளே பேசி ஒரு நோட்டில் எழுதட்டும். எங்கள் பள்ளியில் இப்போது அந்த நோட்டு அவர்களிடம்தான் இருக்கிறது. இந்த ஆண்டு நட்ட இருபத்திரண்டில் பத்தொன்பது தளிர்த்து நிற்கின்றன.