ஒரு காயிலுக்கு நான்கு காயிலா?

என் காரில் எஞ்சின் விளக்கு எரிந்தது. பட்டறையில் ஸ்கேனர் போட்டுப் பார்க்க 800 ரூபாய் வாங்கினார்கள். அதில் குறையில்லை, கருவிக்கும் நேரத்துக்கும் கூலி உண்டு. ஆனால் பி0301 என்ற ஒரே குறியீட்டைக் காட்டி, நான்கு இக்னிஷன் காயில் (ஸ்பார்க் பிளக்கில் தீப்பொறி வர மின்சாரம் கொடுக்கும் பாகம், சிலிண்டருக்கு ஒன்று), நான்கு ஸ்பார்க் பிளக் என்று 14,500 ரூபாய்க்கு மதிப்பீடு நீட்டியது உறுத்தியது. முதல் சிலிண்டரில் எரிப்பு தவறுகிறது என்று மட்டுமே அந்தக் குறியீடு சொல்லும், காரணத்தைச் சொல்லாது.

எங்கள் தெரு மெக்கானிக் அண்ணன் முதல் சிலிண்டரின் காயிலையும் இரண்டாவதன் காயிலையும் இடம் மாற்றிப் பொருத்தி ஓட்டிப் பார்த்தார். குறியீடு பி0302 ஆனது, அதாவது காயிலோடு சேர்ந்து தவறும் இரண்டாம் சிலிண்டருக்குப் போனது. பழுது காயிலில்தான். "ஒன்று போதும் தம்பி" என்றார். காயில் 2,100, கூலி 300. கழற்றிய காயிலையும் கையில் கொடுத்தார்; ரப்பர் உறையில் மயிரிழை போல ஒரு விரிசல்.

இப்போது எந்தப் பட்டறையிலும் உதிரிபாகம், கூலி, ஜிஎஸ்டி எல்லாவற்றையும் தனித்தனியே எழுதித் தரச் சொல்கிறேன். பழைய பாகத்தையும் கேட்டு வாங்கிக்கொள்கிறேன்.