காக்பிட்டிலிருந்து பிரிட்ஜுக்கு: கடற்படை விமானிகள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

இந்தியக் கடற்படையில் விமானியும், கப்பலைச் செலுத்தித் தலைமை ஏற்கும் எக்ஸிகியூட்டிவ் பிரிவின் அதிகாரியே என்பதால், பறக்கும் பணிக்கு இடையே கப்பல் பணியையும் முடித்து, ஒருநாள் போர்க்கப்பலுக்குத் தலைமை ஏற்கும் வழி அவருக்குத் திறந்தே இருக்கிறது. 1961 மே 18 அன்று விக்ராந்த் விமானந்தாங்கிக் கப்பலின் தளத்தில் முதல் ஜெட் விமானத்தை இறக்கிய ஆர்.எச். தஹிலியானி, பின்னாளில் அதே கப்பலுக்குத் தலைமை தாங்கி, 1984-இல் கடற்படைத் தளபதியானார். ஸீ ஹாரியர் விமானியான அருண் பிரகாஷ், விராட் விமானந்தாங்கியின் தலைமையைக் கடந்து 2004-இல் அதே பதவிக்கு வந்தார்.

இன்று அந்த வழியில் வரும் இளம் அதிகாரிகளைக் கவனிக்கும்போது, எங்கள் தலைமுறையின் பழைய பிழைகளே திரும்ப வருவதைக் காண்கிறேன். கப்பலைச் செலுத்தும் மேல்தள அறையான பிரிட்ஜின் சொல்வழக்குப் பிடிபடாமல் திணறுவது போன்றவை சில வாரங்களில் தாமே சரியாகிவிடும் என்பதால் அவற்றை விட்டுவிடுகிறேன்.

கடல் பணியை இடைவேளையாக நினைப்பது

பறக்கும் மணிநேரம் குறைந்துவிடுமோ என்ற கவலையில், பிரிட்ஜில் தனியாகப் பொறுப்பேற்று நிற்கத் தகுதி தரும் வாட்ச்கீப்பிங் சான்றிதழ் கைக்கு வந்ததும் கப்பல் பக்கம் திரும்பாதவர்கள் உண்டு. அமெரிக்காவில் விமானந்தாங்கிக் கப்பலின் தலைமை, பறக்கும் தகுதி பெற்றவருக்கே உரியது என்று 1926-இலேயே சட்டம் இயற்றினார்கள். பின்னாளில் புகழ்பெற்ற அட்மிரல்களான எர்னஸ்ட் கிங் 48 வயதிலும் வில்லியம் ஹால்ஸி 52 வயதிலும் விமானிக்கான இறக்கைச் சின்னத்தைப் பெற்றது அதனால்தான். சட்டமே விமானிக்குத் துணை நிற்கும் அந்த நாட்டில்கூட, அணுசக்திப் பயிற்சி, விமானந்தாங்கியில் இரண்டாம் நிலைத் தலைமை, வேறொரு பெரிய கப்பலின் தலைமை ஆகியவற்றைக் கடந்த பிறகே அந்தப் பொறுப்பு ஒருவரிடம் வருகிறது. 2021-இல் ஆபிரகாம் லிங்கன் கப்பலின் தலைமையை ஏற்ற ஏமி பவர்ன்ஷ்மிட் இந்தப் படிகள் எல்லாவற்றையும் ஏறியவர்.

விமானிகளோடு மட்டும் உட்கார்ந்து சாப்பிடுவது

கப்பல் முழுவதும் அதைக் கவனிக்கும்.

ஹெலிகாப்டரைப் பார்த்துக்கொண்டு கடலை மறப்பது

இதை நினைத்தால் எனக்கு இன்றும் கோபம் வருகிறது. ஹெலிகாப்டரை இறக்குவதற்கு, விமானிக்கு ஏற்ற கோணத்தில் காற்று தளத்தின் மீது வீசும்படி கப்பல் திசை பிடித்து, அவர் இறங்கி முடியும்வரை அதே திசையில் அதே வேகத்தில் ஓட வேண்டும். 18 நாட், அதாவது மணிக்கு 18 கடல் மைல் வேகத்தில் 10 நிமிடம் ஓடினால் 3 கடல் மைல், அதாவது ஐந்தரை கிலோமீட்டர் கடந்திருக்கும். அந்த வழியில் கடலடி மேடு இருக்கிறதா, படகு இருக்கிறதா என்பதைக் கப்பல் தலைவர்தான் பார்க்க வேண்டும்.

கொச்சிக்கு மேற்கே நடந்த ஒரு பயிற்சியில் மதிப்பீடு செய்பவனாகப் பிரிட்ஜில் நின்றிருந்தேன். கப்பல் தலைவர் மிகத் தேர்ந்த ஹெலிகாப்டர் விமானி. எரிபொருள் குறைந்துவந்த ஹெலிகாப்டர் நெருங்கியதும், பின்தளத்தைக் காட்டும் திரையிலேயே அவர் பார்வை நிலைத்துவிட்டது. ஹெலிகாப்டரை ஏற்றி இறக்கும் கலெக்டிவ் நெம்புகோலைப் பிடித்திருப்பவர் போல அவருடைய இடது கை தானாக உயர்ந்து தாழ்ந்தது. அந்த நேரத்தில் பிரிட்ஜின் பொறுப்பில் இருந்த வாட்ச் அதிகாரியான இளம் லெப்டினென்ட், "சார், வலது முன்பக்கம் ட்ராலர், பேரிங் மாறவில்லை" என்றார். பேரிங், அதாவது அந்த மீன்பிடிப் படகு தென்படும் திசை, மாறாமல் தூரம் மட்டும் குறைந்தால் மோதல் நிச்சயம். தலைவர் திரும்பாமலே கையமர்த்தினார். மறுபடி சொன்னபோதும் அதே கை. கடைசியில் சுக்கானை ஒரேயடியாக வலப்புறம் திருப்ப நேர்ந்தது. தளம் சாய்ந்தது, ஹெலிகாப்டர் இறங்காமல் விலகிப் பறந்தது, ட்ராலர் தப்பியது, ஆனால் அதன் பின்னால் இழுபட்டுவந்த வலை எங்கள் ப்ரொப்பெல்லரில் சுற்றிக்கொண்டது. ஹெலிகாப்டர் அடுத்த முறை பத்திரமாக இறங்கியது என்றாலும், நைலான் கயிற்றை டைவர்கள் அறுத்தெடுக்கும்வரை கப்பல் முடங்கிக் கிடந்தது, மீனவர்களின் பிழைப்புக்கான வலையும் போனது.

விமான இயக்கத்துக்கான உருண்டை, சாய்சதுரம், உருண்டை அடையாளத்தைக் கொடிமரத்தில் ஏற்றியிருந்தோமே என்று அவர் பிறகு வாதிட்டார். அந்த அடையாளம் கண்டால் மீன்பிடிப் படகு விலக வேண்டும் என்பது சர்வதேச விதிதான். ஆனால் 'இயன்றவரை' என்ற நிபந்தனையும் அதே விதியில் இருக்கிறது. வலையை இழுத்துக்கொண்டு ஊர்ந்து செல்பவரால் எவ்வளவு விலக முடியும்?

மேட்டுக்கும் இதே கவனம் தேவை. 1985 நவம்பரில் என்டர்பிரைஸ் விமானந்தாங்கி, கலிஃபோர்னியாவுக்கு அப்பால் வரைபடத்தில் தெளிவாகக் குறிக்கப்பட்டிருந்த கோர்ட்டெஸ் கடலடி மேட்டில் மோதி அடிப்பகுதி கிழிந்தது. அதன் தலைவர் பதவியிழந்தார்.

ஆகவே, காற்றுக்கு முகம் திருப்புமுன் அந்தத் திசையில் தேவையான தூரத்துக்கு ஆழத்தையும் படகுகளையும் சரிபாருங்கள். இடம் போதாவிட்டால், முதலில் காற்றின் போக்கிலேயே ஓடி இடம் சேர்த்துக்கொண்டு பிறகு திரும்புங்கள். ஹெலிகாப்டரோடு பேசும் பொறுப்பை வேறொருவரிடம் கொடுத்துவிட்டு ரேடாரின் அருகே நில்லுங்கள். வாட்ச் அதிகாரி பேரிங் சொன்னால், வானொலியில் யார் பேசிக்கொண்டிருந்தாலும் அவருக்கே முதலில் பதில் சொல்லுங்கள்.

இன்ஜின் அறைக்குப் போகாமலே இருப்பது

வாரம் ஒருமுறையாவது போங்கள்.

கரையணையும்போது வேகத்தைத் தாமதமாகக் குறைப்பது

ஆயிரக்கணக்கான டன் எடையுள்ள கப்பல், இன்ஜினை நிறுத்திய பிறகும் ஓடிக்கொண்டே இருக்கும். ஹெலிகாப்டரைப் போலக் கடைசி நொடியில் நிறுத்திவிடலாம் என்ற எண்ணத்தோடு ஜெட்டியை நெருங்காதீர்கள். காற்று பக்கவாட்டில் வீசும் நாளில், கயிறு எறியும் தூரம் வருவதற்கு வெகு முன்பே இழுவைப் படகைக் கேட்டுவிடுங்கள்.