தொடர்ந்து எழுத விரும்புவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

நாள்தோறும் சிறிதளவாவது எழுத வேண்டும் என்று முடிவெடுத்துப் புதுக் குறிப்பேடு வாங்குகிறவர்களில் பலர் சில வாரங்களிலேயே நிறுத்திவிடுகிறார்கள். அவர்களுக்கு மொழி வராததல்ல காரணம். நல்ல கரு கிடைத்த பிறகு எழுதலாம், வேண்டிய நூல்களையெல்லாம் சேர்த்த பிறகு தொடங்கலாம் என்று அவர்கள் வகுத்துக்கொள்ளும் வரிசைதான் காரணம். எழுதத் தொடங்கிய பிறகே நமக்கு எது தெரியவில்லை என்பது புலப்படும். அந்தத் தெரியாததைத் தேடிப் போகும்போதுதான் அகராதியும் நூலகமும் உண்மையில் பயன்படும். கீழே சொல்லப்படும் தவறுகளில் பெரும்பாலானவை இந்த வரிசை மாறிப்போவதால் நேர்பவை.

முதல் தவறு, மனத்தில் ஓர் எழுச்சி தோன்றும் வரை காத்திருப்பது. புதுச்சேரியில் வணிகராகவும் பின்னர் பிரெஞ்சு ஆளுநர் துய்ப்ளேக்ஸின் தலைமைத் துபாஷாகவும் (மொழிபெயர்த்து இடைநின்று பேசுபவர்) இருந்த ஆனந்தரங்கப் பிள்ளை, 1736இல் தம் நாட்குறிப்பைத் தொடங்கி, 1761இல் இறக்கும் காலம் வரை எழுதிவந்தார். காதால் கேட்பது, கண்ணால் காண்பது, கப்பல் வருவது, போவது, நடக்கும் அதிசயங்கள் ஆகியவற்றை எழுதப்போவதாகத் தொடக்கத்திலேயே அவர் குறித்துவைத்தார். போரும் முற்றுகையும் நடந்த காலம், அவருக்கு எழுதப் பொருளா பஞ்சம் என்று கேட்போர் உண்டு. ஆனால் அந்தப் பக்கங்களைப் புரட்டினால் யார் யாரைப் பார்க்க வந்தார், என்ன பேசிக்கொண்டார்கள், எந்தச் சரக்கு எப்படிப் போனது, யாருக்கு யார்மேல் மனத்தாங்கல் என்பவையே பக்கம் பக்கமாக வருகின்றன. எதை எழுதுவது என்பதை அவர் ஒருமுறை தீர்மானித்துக்கொண்டார். ஒவ்வொரு நாளும் புதிதாகத் தீர்மானிக்க வேண்டிய தேவை அவருக்கு இருக்கவில்லை. இன்று தொடங்குகிறவரும் ‘நான் வேலை பார்க்கும் கடையில் நடப்பவை’, ‘எங்கள் தெருவில் மாறிவருபவை’ என்று ஓர் எல்லையை முதலிலேயே வரைந்துகொண்டால் காலையில் வெற்றுத்தாளின் முன் விழிக்க வேண்டியிராது.

எல்லை வரைவதில் நேரும் தவறு, அதை மிக அகலமாக வரைவது. மழை, தாய்மை, நட்பு, காலம் போன்ற தலைப்புகள் பள்ளிக் கட்டுரையிலிருந்து நம்மோடு வந்துவிட்டவை. இவற்றைப் பற்றி எழுத உட்காரும் கை, ஏற்கெனவே ஆயிரம் பேர் எழுதிய வரிகளைத்தான் எழுதும். இணையத்தில் உலவும் ‘நாளுக்கொரு தலைப்பு’ப் பட்டியல்களில் பலவும் வேறு நாட்டுப் பட்டியல்களின் மொழிபெயர்ப்பாக இருப்பதால், பனிப்பொழிவில் ஒரு நடை, மரவீட்டில் கழித்த கோடை என்பன போன்றவை திருநெல்வேலியில் இருப்பவருக்கும் பயிற்சியாக வந்து சேர்கின்றன. நம் மரபில் இதைவிடக் கூர்மையான ஒரு பயிற்சி இருந்தது. ஒரு வெண்பாவின் ஈற்றடியை, அதாவது கடைசி அடியைக் கொடுத்து மேலேயுள்ள மூன்று அடிகளைப் பாடச் சொல்வார்கள். வெண்பாவின் கடைசி அடி மூன்றே சீர். அதன் இறுதிச் சீர் நாள், மலர், காசு, பிறப்பு என்னும் நான்கு வாய்பாடுகளில் ஒன்றாக முடிய வேண்டும். எட்டயபுரத்தில் இளைஞராக இருந்த பாரதிக்கு ‘பாரதி சின்னப் பயல்’ என்று ஈற்றடி கொடுத்துச் சீண்டியதாகவும், அவர் ‘பார் அதி சின்னப் பயல்’ என்று பிரித்து, ஈற்றடி கொடுத்தவர் பக்கமே அதைத் திருப்பிவிட்டதாகவும் ஒரு கதை வழங்குகிறது. கதை எப்படியிருந்தாலும், இவ்வளவு நெருக்கடியான கட்டளைதான் அந்த விடையைப் பிறப்பிக்க முடியும். ‘பாரதியைப் பற்றி ஒரு பாட்டு’ என்று கேட்டிருந்தால் யாரும் இன்று அதை நினைவில் வைத்திருக்கமாட்டார்கள். உரைநடை எழுதுவோரும் இந்த வகையில் தமக்குத் தாமே ஓர் ஈற்றடியைக் கொடுத்துக்கொள்ளலாம்: கடைசி வாக்கியத்தை முதலில் எழுதிவைத்துவிட்டு, அதுவரை போய்ச்சேரும் ஒரு பக்கத்தை எழுதிப் பார்க்கலாம்.

அடுத்தது, பார்த்ததை எழுதாமல் பார்த்ததைப் பற்றிய கருத்தை எழுதுவது. தெருமுனை இஸ்திரி வண்டியைப் பார்த்துவிட்டு வந்தவர், ‘உழைப்பின் சின்னமாக நின்றார் அந்தப் பெரியவர்’ என்று குறிப்பேட்டில் எழுதுகிறார். ஆறு மாதம் கழித்து இந்த வரியால் எந்தப் பயனும் இல்லை. அந்தப் பெரியவருடைய முகம்கூட இதிலிருந்து மீளாது. அதற்கு மாறாக, பெட்டியின் மூடியைத் திறந்து தேங்காய்ச் சிரட்டைக் கரியை நிரப்பியதும், கனல் பிடிப்பதற்காகப் பெட்டியைக் கையில் பிடித்து முன்னும் பின்னும் வீசியதும், சாம்பல் சட்டையில் விழாதபடி வண்டிக்கு வெளியே முகத்தைத் திருப்பி ஊதியதும், சட்டைக் கழுத்தை முதலிலும் முதுகைக் கடைசியிலும் தேய்த்ததும் குறிப்பில் இருந்தால், அவற்றிலிருந்து ஒரு கதையும் எழுதலாம், எரிவாயுப் பெட்டி வந்தபின் மாறிய தொழிலைப் பற்றி ஒரு கட்டுரையும் எழுதலாம். கருத்து தானாக வந்து சேரும். விவரம் அன்றைக்கே எழுதாவிட்டால் போய்விடும்.

சேகரிப்பதையே எழுதுவதாக எண்ணிக்கொள்வது இக்காலத்துக்கே உரிய தவறு. 1998 முதல் தன்னார்வலர்கள் உழைப்பில் தமிழ் இலக்கியங்களை மின்னூலாக்கி வளர்ந்த மதுரைத் திட்டம், ஈழத்து இதழ்களையும் மலர்களையும் காக்கும் நூலகம் திட்டம், தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகம் என்று ஒரு தலைமுறைக்கு முன் நினைத்தே பார்க்க முடியாத செல்வம் கைப்பேசியில் கிடைக்கிறது. ஒரே இரவில் நூறு கோப்புகளை இறக்கிவைத்துவிட்டு ஒன்றையும் திறக்காமல் இருப்பவர்கள் ஏராளம். பொதுவாக ‘படிக்க வேண்டும்’ என்று போனால் இந்தக் களஞ்சியங்கள் மலைக்கவைக்கும். ஒரு கேள்வியோடு போனால் உடனே உதவும். தாத்தா காலத்து நாடகக் கொட்டகையைப் பற்றி எழுதுகிறவர் அந்தக் காலத்து இதழ்களின் விளம்பரப் பக்கங்களை மட்டும் பார்த்தாலே போதும். கோட்டையூர் ரோஜா முத்தையா வாழ்நாளெல்லாம் திரட்டிய நூல்களையும் இதழ்களையும் அடித்தளமாகக் கொண்டு சென்னையில் 1994இல் உருவான ஆராய்ச்சி நூலகம் இத்தகைய கேள்விகளுக்கு ஏற்ற இடம். எதைத் தேடுகிறோம் என்பதை ஒரு வாக்கியத்தில் எழுதிக்கொண்டு போவது நல்லது.

அகராதியைப் பயன்படுத்துவதிலும் ஒரு குழப்பம் உண்டு. சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ்ப் பேரகராதி 1924க்கும் 1936க்கும் இடையில் ஆறு தொகுதிகளாக வெளிவந்தது. பழைய இலக்கியத்தில் ஒரு சொல் எப்படி ஆளப்பட்டது என்று அறிய அதற்கு ஈடில்லை. ஆனால் அதிலிருந்து அரிய சொற்களைப் பொறுக்கிப் பேருந்து நிலையக் காட்சியில் பதித்தால், தேநீர் குடிக்கும் கதாபாத்திரம் சங்கப் புலவரைப்போலப் பேசத் தொடங்கிவிடும். இன்று ஒரு சொல்லை எந்தச் சூழலில், எந்த வேற்றுமை உருபோடு வழங்குகிறோம் என்ற ஐயத்துக்கு 1992இல் முதலில் வெளிவந்து, 2008இலும் 2020இலும் விரிவாக்கப்பட்ட க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதியைத்தான் பார்க்க வேண்டும்; அதன் எடுத்துக்காட்டு வாக்கியங்களே தனியொரு பாடம். எழுதிக்கொண்டிருக்கும்போது இரண்டையும் மூடிவைத்துவிட்டு, ஐயமான சொல்லின் கீழ் ஒரு கோடு மட்டும் இட்டு நகர்ந்தால் ஓட்டம் தடைப்படாது.

பிறர் எழுத்தை எடுத்தாள்வதைப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும். நாட்டுடைமையாக்கப்பட்ட நூல்களை யாரும் பதிப்பிக்கலாம் என்பதால், அவற்றின் பத்திகளைத் தம் பெயரில் எழுதிக்கொள்ளலாம் என்று பொருளில்லை. மற்ற நூல்களுக்கு இந்தியச் சட்டப்படி ஆசிரியர் மறைந்த பின் 60 ஆண்டுகள் வரை உரிமை நீடிக்கும். கையால் படியெடுத்து நடையைப் பழகுவது நல்ல பயிற்சிதான். படியெடுத்த பக்கத்தின் மேலேயே ஆசிரியர் பெயரையும் நூலையும் எழுதிவைக்காவிட்டால், சில ஆண்டுகளில் அது யாருடைய வரி என்பது நமக்கே மறந்துபோகும்.

எல்லாவற்றையும்விட வளமான மூலம் வீட்டிலேயே இருக்க, அதைத் தவறாகக் கேட்டுக் கெடுத்துக்கொள்கிறோம். ‘பாட்டி, அந்தக் காலத்தைப் பற்றிச் சொல்லுங்கள்’ என்று கேட்டால் ‘அதெல்லாம் இப்போ எதுக்குப்பா, கஷ்டப்பட்டோம்’ என்ற விடைதான் வரும். ‘கல்யாணத்தன்று சமையலுக்குத் தண்ணீர் எங்கேயிருந்து கொண்டுவந்தார்கள்? யார் சுமந்தார்கள்?’ என்று கேட்டால் கிணறும், அதற்கு உரிமை கொண்டாடியவர்களும், அன்று நடந்த சண்டையும் ஒன்றன்பின் ஒன்றாக வரும். அனுமதி பெற்று ஒலிப்பதிவு செய்வதும், கேட்ட நாளையும் ஊரையும் குறிப்பதும், எழுதும்போது உயிரோடு இருப்பவர்களின் பெயரை மாற்றுவதும் தவறக்கூடாதவை. பதிவை எழுத்தாக்கும்போது அவருடைய வட்டார வழக்கைப் புத்தகத் தமிழாகத் திருத்திவிடாமல், ‘வந்தாவ’ என்றால் ‘வந்தாவ’ என்றே முதற்படியில் எழுதிவைக்க வேண்டும். எதைத் திருத்துவது, எதை விடுவது என்பதை இரண்டாம் படியில் பார்த்துக்கொள்ளலாம்.