வெளிநாட்டில் இருந்துகொண்டு செட்டிநாட்டில் சர்ச் கல்யாணம் நடத்துவது எப்படி

முதலில் தேதி குறிப்பது, அடுத்து விமான டிக்கெட் எடுப்பது, கடைசியில் பங்குத்தந்தையிடம் (ஊர் சர்ச்சுக்குப் பொறுப்பான குருவானவரிடம்) போய் நிற்பது. வெளிநாட்டில் வேலை பார்க்கும் ஜோடிகள் பெரும்பாலும் இந்த வரிசையில்தான் போகிறார்கள். சிக்கல்களில் பாதி இங்கேயே தொடங்கிவிடுகிறது. மாப்பிள்ளை தேவகோட்டைக்காரர், பெண் மணிலாவில் பிறந்து சிங்கப்பூரில் வேலை பார்ப்பவர் என்று வைத்துக்கொள்ளுங்கள். அல்லது பெண் காரைக்குடி, மாப்பிள்ளை ஜெர்மானிய லுத்தரன். இந்த மாதிரிக் கல்யாணத்தில் தேதியை முடிவு செய்வது மண்டபமோ பஞ்சாங்கமோ அல்ல, ஆயரகத்திலிருந்து, அதாவது பிஷப் அலுவலகத்திலிருந்து, வர வேண்டிய ஒரு கடிதம்தான். குறைந்தது ஒன்பது மாதம் கையில் இருக்கட்டும்.

எந்தச் சடங்கு சட்டப்படி கல்யாணம்?

இருவரில் ஒருவர் மட்டும் கிறிஸ்தவர், மற்றவர் இந்துக் குடும்பம் என்றால் இதைத்தான் முதலில் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். 'வீட்டில் திருப்பூட்டு (தாலி கட்டும் சடங்கு) வைத்துக்கொள்வோம், சர்ச்சில் ஒரு ஜெபம் போதும்' என்று பெரியவர்கள் சொல்வார்கள். சட்டத்துக்கு அது போதாது. இந்து திருமணச் சட்டம் இருவரும் இந்துவாக இருந்தால்தான் பொருந்தும். இதை உச்ச நீதிமன்றம் 2008-லேயே சொல்லிவிட்டது. ஒருவராவது கிறிஸ்தவர் என்றால் 1872-ஆம் ஆண்டின் இந்தியக் கிறிஸ்தவத் திருமணச் சட்டப்படி நடக்க வேண்டும், இல்லையென்றால் 1954-ஆம் ஆண்டின் சிறப்புத் திருமணச் சட்டப்படி பதிவாளர் முன்னால் நடக்க வேண்டும். சிறப்புத் திருமணச் சட்டத்தில் நோட்டீஸ் கொடுப்பதற்கு முன் ஒருவர் அந்த மாவட்டத்தில் 30 நாள் தங்கியிருக்க வேண்டும். நோட்டீஸ் கொடுத்த பிறகு இன்னொரு 30 நாள் காத்திருக்க வேண்டும். மூன்று வார லீவில் வருகிறவர்களுக்கு இது ஒத்துவராது. ஆகவே சர்ச் கல்யாணம்தான் சட்டக் கல்யாணம், வீட்டில் நடப்பது குடும்ப நிகழ்ச்சி என்று இரண்டு பக்கமும் ஒப்புக்கொள்ளட்டும்.

கத்தோலிக்கத் திருச்சபைச் சட்டத்தில் இன்னொரு முடிச்சும் உண்டு. ஒரே கல்யாணத்துக்கு, சம்மதம் கொடுக்கும் இரண்டாவது சமயச் சடங்கு முன்னாலும் கூடாது, பின்னாலும் கூடாது. பங்குத்தந்தைக்குத் தெரியாமல் முதல் நாள் வீட்டில் கழுத்துரு (நகரத்தார் தாலி) கட்டிவிட்டு மறுநாள் சர்ச்சுக்குப் போனால், விஷயம் வெளியே வந்ததும் வழிபாடே நின்றுபோகலாம். வேவு (சீர்ப்பொருள் கடகம்) இறக்குவது, மாலை மாற்றுவது, பெரியவர்களிடம் விழுந்து கும்பிட்டுத் திருநீறு வாங்குவது போன்றவற்றில் எதையெல்லாம் வைத்துக்கொள்ளலாம் என்று அவரிடமே உட்கார்ந்து பேசி முடிவெடுங்கள். நகரத்தார் வீடு என்றால் கோயில் மாலை (குலக் கோயிலிலிருந்து வரும் மாலை), இசைகுடிமானம் (கல்யாண ஒப்பந்த ஓலை), புள்ளி (கல்யாணமான ஜோடியைக் குலக் கோயில் கணக்கில் சேர்ப்பது) ஆகியவற்றைப் பற்றியும் நிச்சயத்துக்கு முன்பே வீட்டுப் பெரியவர்களிடம் பேசிவிடுங்கள். கல்யாணத்துக்கு முந்தின வாரம் அந்தப் பேச்சைத் தொடங்கினால் பத்திரிகை அடித்த பிறகு சண்டை வரும்.

சர்ச் காகிதங்கள்

செட்டிநாட்டுப் பக்கத்துக் கத்தோலிக்கப் பங்குகள் (ஒரு சர்ச்சுக்கு உட்பட்ட வட்டாரங்கள்) 1987-ல் உருவான சிவகங்கை மறைமாவட்டத்தைச் சேர்ந்தவை, சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) சபைகள் மதுரை-இராமநாதபுரம் திருமண்டிலத்தைச் சேர்ந்தவை. கத்தோலிக்கருக்குத் திருமுழுக்குச் சான்று, உறுதிபூசுதல் சான்று, திருமணத் தயாரிப்பு வகுப்புச் சான்று, கல்யாணமாகாதவர் என்று தற்போதைய பங்கு தரும் கடிதம் வேண்டும். சி.எஸ்.ஐ.யில் ஞானஸ்நானம், திடப்படுத்தல் சான்றுகள் கேட்பார்கள்.

திருமுழுக்குச் சான்று பழையதாக இருக்கக் கூடாது. கல்யாண நாளுக்கு முந்தின ஆறு மாதத்துக்குள் புதிதாக எழுதி வாங்கியதைத்தான் கேட்பார்கள். திருமுழுக்குப் பதிவேட்டின் ஓரத்தில் முந்தைய கல்யாணம் ஏதாவது குறிக்கப்பட்டிருக்கிறதா என்று அதிலிருந்துதான் தெரியும். அம்மா பீரோவில் பத்திரமாக வைத்திருக்கும் சிறு வயதுச் சான்று இதற்கு உதவாது. ஒன்பது மாதத்துக்கு முன்பே ஆர்வத்தில் வாங்கிவிட்டாலும் அது காலாவதியாகிவிடும்.

மற்றவர் திருமுழுக்குப் பெற்ற வேறு சபைக்காரர் என்றால் ஆயரின் அனுமதி வேண்டும். திருமுழுக்கே பெறாதவர் என்றால் விதிவிலக்கு வேண்டும். இரண்டும் ஒன்றல்ல, விதிவிலக்கு இல்லாமல் நடந்த கல்யாணம் திருச்சபைக் கணக்கில் செல்லாது. பிள்ளைகளைக் கத்தோலிக்க விசுவாசத்தில் வளர்க்கத் தன்னால் ஆனதைச் செய்வேன் என்று கத்தோலிக்கத் தரப்பு வாக்குக் கொடுக்க வேண்டும். மற்றவருக்கு அது தெரிந்திருக்கவும் வேண்டும். கையெழுத்துப் போடும் மேசையில் முதன்முறையாக இதைக் கேள்விப்பட்ட ஜெர்மன்காரர் முகம் எப்படிப் போகும் என்று யோசித்துப் பாருங்கள்.

வெளிநாட்டில் இருக்கிறவரின் காகிதங்கள் அங்கிருக்கும் பங்கிலிருந்து அந்த மறைமாவட்ட அலுவலகத்துக்கும், அங்கிருந்து சிவகங்கை ஆயரகத்துக்கும், பிறகு கல்யாணம் நடக்கும் பங்குக்கும் வந்து சேரும். இந்தச் சுற்றுக்கு மூன்று மாதம் ஒதுக்குங்கள். ஓலை, அதாவது கல்யாண அறிவிப்பு, இரண்டு பங்கிலும் மூன்று ஞாயிறு வாசிக்கப்படும். அங்கே ஓலை வாசித்ததற்கான கடிதத்தை முத்திரையோடு வாங்கிக்கொள்ளுங்கள். அங்கிருந்து குடும்ப நண்பரான ஒரு குருவானவரை அழைத்துவந்து அவரே கல்யாணத்தை நடத்த வேண்டும் என்று விரும்பினால், இங்கிருக்கும் பங்குத்தந்தை எழுத்தில் அதிகாரம் கொடுத்தாக வேண்டும்.

வெளிநாட்டுப் பக்கத்து அரசு, கல்யாணத்துக்குத் தடையில்லை என்ற சான்றை ஒரு குறிப்பிட்ட காலத்துக்கே செல்லும்படி தரலாம். வாங்கும்போதே கடைசித் தேதியைப் பாருங்கள். இந்தியா 2005-லிருந்து அப்போஸ்டில் உடன்படிக்கையில் (ஒரு நாட்டின் காகிதத்தை ஒரே முத்திரையோடு மற்ற உறுப்பு நாடுகள் ஏற்கும் ஏற்பாடு) இருக்கிறது. சிங்கப்பூர் 2021-லும் கனடா 2024-லும் சேர்ந்தன. உறுப்பு நாடு என்றால் பொதுவாக அப்போஸ்டில் முத்திரை போதும், இல்லையென்றால் தூதரகச் சான்றொப்பம் வேண்டும். ஜெர்மனி உறுப்பு நாடுதான், ஆனால் இந்தியா சேர்ந்ததற்கு ஆட்சேபம் தெரிவித்ததால் இரண்டு நாட்டுக்கும் இடையில் அப்போஸ்டில் செல்லாது. விவாகரத்தானவர், துணையை இழந்தவர் என்றால் தீர்ப்பு நகல் அல்லது இறப்புச் சான்றும் சேரும். கத்தோலிக்கத் திருச்சபையில் நீதிமன்ற விவாகரத்து மட்டும் காட்டினால் நடக்காது.

தேதி

இரண்டு பக்கத்துக் காலண்டரையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்துப் பாருங்கள். வெளிநாட்டு விருந்தினர்களுக்கு டிசம்பர் லீவு வசதி. ஆனால் அது திருவருகைக் காலம் (கிறிஸ்துமஸுக்கு முந்தின ஆயத்தக் காலம்), பாதியிலிருந்து மார்கழி. அக்டோபர், நவம்பர் மழை, வளவு (செட்டிநாட்டுப் பெரிய வீட்டின் தூண்கள் சூழ்ந்த நடுப்பகுதி) முற்றமோ திறந்த வானம். தவக்காலத்தில் பெரும்பாலான பங்குகள் கல்யாணம் வைப்பதில்லை. 2027-ல் தவக்காலம் தொடங்கும் சாம்பல் புதன் பிப்ரவரி 10, ஈஸ்டர் மார்ச் 28. ஆக அந்த ஆண்டு பொங்கல் முடிந்து பிப்ரவரி 9 வரை மூன்று வாரம்தான் எல்லாருக்கும் பொருந்துகிறது. தை மாத முகூர்த்தங்களுக்கு ஊரில் எல்லாரும் அடித்துக்கொள்வதால் சமையல் மாஸ்டரை முதலில் பிடியுங்கள், அலங்காரக்காரரைக் கடைசியில் பிடித்தாலும் கிடைப்பார். ஏப்ரல், மே வேண்டாம். அந்த வெயிலில் கோட்டு சூட்டோடு நிற்பவர்கள் மயங்கி விழுவார்கள்.

1872 சட்டப்படி கல்யாணம் காலை 6 மணிக்கும் மாலை 7 மணிக்கும் இடையில் நடக்க வேண்டும். அந்தி நேர மெழுகுவர்த்திக் கல்யாணம் என்று வெளிநாட்டுப் பக்கம் கனவு கண்டால், 4 மணிக்குத் தொடங்கி 6 மணிக்குள் கையெழுத்து முடியும்படி வையுங்கள்.

வழிபாடு

திருமண வாக்குறுதியை ஒவ்வொருவரும் தனக்குப் புரியும் மொழியில் சொல்லட்டும். புரியாத மொழியில் கிளிப்பிள்ளையாகச் சொல்வதைப் பங்குத்தந்தையும் விரும்ப மாட்டார். மற்றவர் கத்தோலிக்கர் இல்லை என்றால் திருப்பலி (பூசை) இல்லாத திருமண வழிபாடே நல்லது. திருப்பலி வைத்தால் நற்கருணை வாங்க எழுபவர்களும் உட்கார்ந்திருப்பவர்களும் இரண்டாகப் பிரிந்து தெரிவார்கள், மாப்பிள்ளையின் சொந்த அம்மாவே உட்கார்ந்திருக்கும் நிலை வரும். இரண்டு மொழிக் கையேடு இரண்டு பேருக்கு ஒன்று வீதம் அச்சடியுங்கள். எங்கே எழ வேண்டும், எங்கே முழந்தாள் போட வேண்டும் என்று ஓரத்தில் குறித்துவிடுங்கள். செருப்பை வெளியே விட வேண்டிய சர்ச் என்றால் அதையும் எழுதுங்கள்.

சிலுவையோ புறாவோ பொறித்த தாலியை மோதிரங்களோடு சேர்த்து ஆசீர்வதிப்பார்கள். மஞ்சள் கயிறு என்றால் மூன்று முடிச்சு போட மாப்பிள்ளை முன்னாலேயே வேறு கயிற்றில் பழகட்டும். முக்காடு போட்ட கழுத்தில், நூறு கேமராவுக்கு முன்னால் கற்றுக்கொள்ள முடியாது. பெண்ணின் ரவிக்கை அளவை வீடியோவில் பார்த்து எடுப்பது சரிவராது. நன்றாகப் பொருந்தும் ஒரு ரவிக்கையைத் தபாலில் அனுப்பச் சொல்லுங்கள்.

வளவு வீடு

கானாடுகாத்தான், பள்ளத்தூர், கோத்தமங்கலம் பக்கம் பெரிய வீட்டில் வரவேற்பு வைப்பதுதான் எல்லாருடைய ஆசையும். குடும்ப வீடே இருந்தாலும் அது பல பங்காளிகளுக்குச் சொந்தம். ஒருவர் சரி என்று சொன்னதை நம்பி முன்பணம் கொடுக்காதீர்கள். எல்லாப் பங்காளிகளின் சம்மதமும் எழுத்தில் இருக்கட்டும். அசைவம் சமைக்கலாமா, முகப்பு வரை மட்டுமா வளவுக்குள்ளும் போகலாமா, இரண்டாம் கட்டைச் சமையலுக்குத் தருவார்களா என்று தனித்தனியாகக் கேளுங்கள்.

பழைய வயரிங் விளக்குகளையும் ஸ்பீக்கரையும் தாங்காது. ஜெனரேட்டரிலிருந்து தனி லைன் இழுத்து, வீட்டு பிளக்கில் எதையும் மாட்டக் கூடாது என்று ஒலி-ஒளிக்காரரிடம் கறாராகச் சொல்லுங்கள். ஆத்தங்குடி டைல்ஸ் தரை ஈரம் பட்டால் வழுக்கும், அதனால் பன்னீர் தெளிப்பதை வாசலோடு நிறுத்துங்கள். தூணில் ஆணி அடிக்க விடாதீர்கள். கழிப்பறை இரண்டு மூன்றுதான் இருக்கும்; ஐம்பது பேருக்கு ஒன்று வீதம் வாடகைக் கழிப்பறை வையுங்கள்.

சாப்பாடு

பகலில் இலை போட்டுச் சைவம், இரவு வரவேற்பில் பிரியாணி என்று பிரித்துவிட்டால் இரண்டு வீட்டுக்கும் மனத்தாங்கல் இல்லை. 300 பேருக்கு இலைச் சாப்பாடு என்றால் 30 முதல் 36 கிலோ அரிசி. பிரியாணிக்கு 30 கிலோ சீரகச் சம்பா, 35 முதல் 40 கிலோ ஆட்டுக்கறி. வெளிநாட்டார் சொன்ன எண்ணிக்கை அப்படியே வரும். ஊர்க்காரர் எண்ணிக்கை வராது. ஊர்ப் பக்கம் 'வருகிறீர்களா' என்று கேட்காமல், எத்தனை பந்தி என்று மாஸ்டரோடு கணக்குப் போடுங்கள்.

'காரம் குறைத்துப் போடுங்கள்' என்று சொல்லிப் பயனில்லை. மசாலா மொத்தமாக அரைபடும், மாஸ்டர் கையும் பழகிய கை. அதற்குப் பதில் இயல்பாகவே காரமில்லாத பண்டங்களைத் தேர்ந்தெடுங்கள்: கவுனி அரிசி, கந்தரப்பம், பால் பணியாரம், உக்காரை, இடியாப்பம் தேங்காய்ப்பால். முந்திரி ஒவ்வாமை உள்ளவர் யாரென்று முன்பே பெயரோடு கேட்டு வையுங்கள். குருமாவில் முந்திரியும் கசகசாவும் கண்ணுக்குத் தெரியாது. தாம்பூலப் பையில் தேன்குழலும் மாவுருண்டையும் போடலாம். கசகசாவோ அது சேர்ந்த மசாலாப் பொடியோ வேண்டாம். சிங்கப்பூரிலும் ஐக்கிய அரபு அமீரகத்திலும் கசகசா தடை செய்யப்பட்ட பொருள். மாமனார் கொடுத்த பையோடு ஒருவர் விமான நிலையத்தில் மாட்டிக்கொள்ள வேண்டியதில்லை.

வருகிறவர்கள்

காரைக்குடிக்குத் திருச்சி, மதுரை இரண்டும் சுமார் 90 கிலோமீட்டர். சென்னையில் இறங்குகிறவர்களுக்குப் பல்லவன் எக்ஸ்பிரஸ் காரைக்குடி வரை வரும். இ-விசாவில் வருகிறவர் அதை ஏற்கும் விமான நிலையத்தில்தான் இறங்க வேண்டும். திருச்சி அந்தப் பட்டியலில் உண்டு. அரசு இணையதளத்தைப் போலவே காட்டிக் கூடுதல் பணம் பிடுங்கும் போலித் தளங்கள் ஏராளம், சரியான முகவரியை நீங்களே அனுப்பிவிடுங்கள். விருந்தினரை வீட்டில் தங்கவைத்தால், வெளிநாட்டவர் வந்த 24 மணி நேரத்துக்குள் அந்த விவரத்தை வீட்டுக்காரர் இணையத்தில் பதிய வேண்டும். சி படிவம் என்று ஊரில் சொல்வது இதைத்தான். லாட்ஜ்காரருக்குப் பழக்கம் உண்டு, பெரியப்பாவுக்கு இராது.

பதிவு

சர்ச் சான்று கையில் வந்ததோடு வேலை முடிவதில்லை. 2009-ஆம் ஆண்டின் தமிழ்நாடு திருமணப் பதிவுச் சட்டப்படி 90 நாளுக்குள் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிய வேண்டும். கூடுதல் கட்டணத்தோடு இன்னும் 60 நாள் உண்டு. வெளிநாட்டுக்குத் திரும்புவதற்கு முன்பே முடித்துவிடுங்கள். இதற்காகக் கல்யாணத்துக்குப் பிறகு ஐந்து வேலை நாளாவது லீவில் மிச்சம் வைத்துக்கொள்ளுங்கள்.

பெயரில்தான் அதிகம் தவறு நடக்கும். ஊரில் இனிஷியல், பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் குடும்பப் பெயராக, திருமுழுக்குச் சான்றில் ஞானப்பெயர் என்று ஒரே ஆள் மூன்று பெயரில் இருப்பார். சர்ச் பதிவேட்டில் எழுதும்போதே பாஸ்போர்ட்டைத் திறந்து பக்கத்தில் வைத்து எழுத்துக்கு எழுத்து பார்க்கச் சொல்லுங்கள். பதிவேட்டில் விழுந்த பிழையை லண்டனில் இருந்துகொண்டு திருத்துவது மாதக்கணக்கில் இழுக்கும்.

வெளிநாட்டில் காட்ட வேண்டிய சான்றுக்கு மாநில அரசின் சான்றொப்பம், அதன்மேல், அப்போஸ்டில் செல்லும் நாடு என்றால், வெளியுறவு அமைச்சகத்தின் அப்போஸ்டில். நகல் மூன்று வாங்கி வையுங்கள். வெளிநாட்டுத் துணைக்குப் பின்னாளில் ஓ.சி.ஐ. (வெளிநாடுவாழ் இந்தியக் குடிமகன்) அட்டை வேண்டுமென்றால், பதிவான கல்யாணம் தொடர்ந்து இரண்டு ஆண்டு நிலைத்திருந்த பிறகுதான் விண்ணப்பிக்க முடியும். அப்போது கேட்கும் முதல் காகிதமும் சார்பதிவாளர் கொடுத்த இந்தச் சான்றுதான்.