பெட்டி வரவில்லையா, உடைந்து வந்ததா? குடியேற வருபவர்கள் தெரிந்திருக்க வேண்டியவை

விமான நிலையத்தில் பெட்டிகள் வரும் பெல்ட் சுற்றி முடிந்தும் உங்கள் பெட்டி வரவில்லை என்றாலோ, சக்கரம் முறிந்து ஓரம் பிளந்து வந்தாலோ, சுங்கப் பகுதியைத் தாண்டி வெளியே போகாதீர்கள். பெரும்பாலான விமான நிலையங்களில் பெல்ட் இருக்கும் அதே கூடத்தில்தான் லக்கேஜ் கவுன்டரும் இருக்கும். வெளியே வந்துவிட்டால் திரும்ப உள்ளே போவது கடினம். பெரிய பொருட்கள் தனியாக இறங்கும் வாசலை மட்டும் ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டு நேரே கவுன்டருக்குப் போங்கள்.

அங்கே பி.ஐ.ஆர். (Property Irregularity Report) என்ற அறிக்கையை, அதாவது பெட்டி வராததை அல்லது சேதமானதைக் குறிக்கும் அறிக்கையை, பதிவு செய்வார்கள். அதற்கு போர்டிங் பாஸும், பெட்டியை ஒப்படைத்தபோது கொடுத்த பேக்கேஜ் டேக் ஒட்டுத்தாளும் வேண்டும். ஒட்டுத்தாளில் உள்ள 10 இலக்க எண்தான் உங்கள் பெட்டியின் அடையாளம். பதிவு முடிந்ததும் உங்களுக்கு ஒரு குறிப்பு எண் கிடைக்கும்: விமான நிலையத்தின் மூன்றெழுத்து, விமான நிறுவனத்தின் இரண்டெழுத்து, பிறகு ஐந்து இலக்கங்கள். பெட்டி எங்கே இருக்கிறது என்று இணையத்தில் பார்க்க இந்த எண் தேவை. அறிக்கையின் நகல் இல்லாமல் கவுன்டரை விட்டு நகராதீர்கள்.

புதிதாக வருபவர்களுக்குச் சிக்கல் தொடங்குவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். அறிக்கையில் டிக்கெட்டில் இருக்கும் பழைய ஊர் முகவரியும் பழைய கைபேசி எண்ணும் ஏறிவிடுகின்றன. இரண்டு நாளில் புது சிம் வாங்கிவிடுவீர்கள். பெட்டியைக் கொண்டுவரும் ஓட்டுநர் பழைய எண்ணுக்கு அழைத்துவிட்டுத் திரும்பிப் போய்விடுவார். தங்கப்போகும் வீட்டு முகவரியை அஞ்சல் குறியீட்டோடு கையில் எழுதி வைத்திருங்கள். இந்த நாட்டில் இருக்கும் உறவினர் அல்லது நண்பரின் எண்ணை இரண்டாவது தொடர்பாகக் கொடுங்கள். வீடு மாறினால் அன்றே குறிப்பு எண்ணைச் சொல்லித் தகவலை மாற்றுங்கள்.

இனி முக்கியமான விஷயம். பி.ஐ.ஆர். என்பது பெட்டியைத் தேடுவதற்கான பதிவு. இழப்பீடு கேட்கும் மனுவாக அதை நம்பியிருக்காதீர்கள். மனுவைத் தனியாக, எழுத்தில், விமான நிறுவனத்துக்கு அனுப்ப வேண்டும். கவுன்டரில் சொன்னோம், தொலைபேசியில் பேசினோம் என்று காத்திருந்து கெடுவைத் தவறவிட்டவர்களின் நியாயமான கோரிக்கைகள்கூட நிராகரிக்கப்படுகின்றன.

கெடுக்களை, சர்வதேச விமானப் பயணங்களில் நிறுவனங்களின் பொறுப்பைச் சொல்லும் 1999-ஆம் ஆண்டின் மான்ட்ரியல் உடன்படிக்கை வகுத்திருக்கிறது. சேதத்துக்கு, பெட்டி கைக்கு வந்த நாளிலிருந்து 7 நாள். உள்ளே பொருள் குறைந்திருந்தாலும் இதே 7 நாளுக்குள் எழுதிவிடுங்கள். தாமதமாக வந்த பெட்டிக்கு, அது கைக்கு வந்த நாளிலிருந்து 21 நாள். இன்னொரு 21-உம் உண்டு, இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது: வந்து சேர வேண்டிய நாளிலிருந்து 21 நாள் ஆகியும் பெட்டி வரவில்லை என்றால், அல்லது அதற்கு முன்பே நிறுவனம் தொலைந்தது என்று ஒப்புக்கொண்டால், தொலைந்த பெட்டிக்கான இழப்பீட்டைக் கேட்கலாம். அந்த மனுவையும் தள்ளிப்போடாதீர்கள். நிறுவனங்கள் தங்கள் பயண விதிகளில் தனிக் கெடு வைத்திருப்பதுண்டு. வழக்குப் போட இரண்டு ஆண்டு அவகாசம்.

கடிதம் நீளமாக இருக்க வேண்டியதில்லை. விமான எண், தேதி, டேக் எண், பி.ஐ.ஆர். எண் ஆகியவற்றைப் போட்டு, "மான்ட்ரியல் உடன்படிக்கையின் 31-ஆம் பிரிவின்படி எழுத்துமூலம் புகார் செய்கிறேன். கைப்பிடி முறிந்து, பெட்டியின் ஓரம் 20 சென்டிமீட்டர் பிளந்திருக்கிறது. படங்களும் ரசீதுகளும் இணைப்பில்" என்ற அளவில், நிறுவனத்துக்குப் புரியும் மொழியில் எழுதினால் போதும். இணையப் படிவத்தில் நிரப்பினால், அனுப்பும் முன்னும் பின்னும் திரையைப் படமெடுத்து வையுங்கள். கடிதம் போய்ச் சேர்ந்த தேதியை நிரூபிப்பது உங்கள் பொறுப்பு.

எவ்வளவு கிடைக்கும்? உச்சவரம்பு ஒரு பயணிக்கு 1,519 எஸ்.டி.ஆர்., பெட்டிக்கு என்று கணக்கில்லை. எஸ்.டி.ஆர். என்பது சர்வதேச நாணய நிதியம் ஐந்து நாணயங்களை வைத்துக் கணக்கிடும் அலகு. இந்தத் தொகை ஏறத்தாழ 2,000 அமெரிக்க டாலர். 2024 டிசம்பர் 28 முதல்தான் இந்த வரம்பு. பழைய கட்டுரைகளில் 1,288 என்று இருக்கும். இது தானாகக் கைக்கு வரும் தொகை கிடையாது. நட்டத்தை நீங்கள் காட்ட வேண்டும், அந்த அளவுக்குத்தான் தருவார்கள். பழைய பொருட்களுக்குத் தேய்மானம் கழிப்பார்கள். ரசீது இல்லையென்றால் வங்கிக் கணக்கு விவரம், இணையத்தில் வாங்கியதற்கான மின்னஞ்சல், அந்த உடையோடு எடுத்த பழைய படம் என்று எதுவும் உதவும். பட்டியலில் "துணிமணி" என்று ஒரே வரியில் முடிக்காமல், குளிர்கால ஜாக்கெட் ஒன்று, எப்போது வாங்கியது, என்ன விலை என்று பொருள் பொருளாக எழுதுங்கள்.

குடும்பமாக வருபவர்கள் ஒருவர் பெட்டியில் மற்றவர் பொருளையும் வைப்பது வழக்கம். பெட்டி ஒருவர் பெயரில் பதிவாகியிருந்தாலும், அதில் தன் பொருள் இருந்ததை நிரூபிக்கும் உடன்பயணியும் தன் பங்குக்கு இழப்பீடு கேட்கலாம் என்று ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் 2012-இல் தீர்ப்பளித்தது. அதனால் யாருடையது எது என்று பிரித்து எழுதுங்கள்.

ஒருவழி டிக்கெட்டில் வருபவர்கள் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். போய்த் திரும்பும் டிக்கெட்டில் புறப்பட்ட நாடே சேருமிடமாகவும் கணக்கிடப்படும். ஒருவழி டிக்கெட்டில் இந்த விதிகள் பொருந்த, புறப்படும் நாடு, சேரும் நாடு இரண்டுமே மான்ட்ரியல் உடன்படிக்கையில் சேர்ந்திருக்க வேண்டும். 130-க்கும் மேற்பட்ட நாடுகள் சேர்ந்திருப்பதால் பெரும்பாலான பயணங்களுக்குக் கவலையில்லை. சேராத நாடு ஒன்று இருந்தால் பழைய வார்சா உடன்படிக்கை பொருந்தக்கூடும். அதில் கிலோவுக்கு 17 எஸ்.டி.ஆர்., 23 கிலோ பெட்டிக்கு 391 மட்டுமே. ஐரோப்பிய ஒன்றிய நிறுவனங்களின் விமானங்களுக்கு எப்படியும் மான்ட்ரியல் விதிதான்.

பெட்டி வரும்வரை அவசியமானவற்றை வாங்கலாம்: உள்ளாடை, மாற்றுடை, பல்துலக்கி, குளிருக்கு ஒரு மேலாடை, குழந்தைக்கு வேண்டியவை. ஒரு நாளைக்கு இவ்வளவு என்று உடன்படிக்கை எதையும் சொல்லவில்லை. நியாயமான செலவு என்பதே அளவுகோல். சொந்த ஊர் திரும்புபவருக்கு வீட்டில் மாற்றுடை இருக்கும் என்று சொல்லி நிறுவனங்கள் செலவைக் குறைக்கப் பார்க்கும். நீங்கள் குடியேற வந்தவர், இந்த நாட்டில் உங்களிடம் வேறு உடையே இல்லை என்பதை மனுவின் முதல் வரிகளிலேயே சொல்லி, விசா நகலை இணையுங்கள். ரசீது ஒவ்வொன்றையும் அன்றே படமெடுங்கள். அச்சு சீக்கிரம் அழிந்துவிடும்.

சேதமான பெட்டியை வீசிவிடாதீர்கள். டேக் தெரியும்படி ஒரு படம், உடைந்த இடத்துக்கு அருகில் ஒரு படம், முழுப் பெட்டிக்கு ஒரு படம் எடுங்கள். பழுதுபார்க்க முடியாது என்று கடைக்காரர் எழுதித் தந்தால் அது நல்ல சான்று. பொருள் திருடுபோனதாகத் தோன்றினால், கவுன்டரிலேயே பெட்டியை எடைபோடச் சொல்லுங்கள். ஒப்படைத்தபோது பதிவான எடையோடு ஒப்பிடலாம். கவனிக்காமல் வீட்டுக்கு வந்துவிட்டாலும் 7 நாளுக்குள் கோரலாம். ஆனால் புகார் இல்லாமல் எடுத்துப்போன பெட்டி நல்ல நிலையில் இருந்ததாகவே கருதப்படும், மாறாக நிரூபிப்பது உங்கள் வேலை.

ஒரே டிக்கெட்டில் இரண்டு மூன்று நிறுவனங்களின் விமானங்களில் மாறி வந்திருந்தால், முதல் நிறுவனம், கடைசி நிறுவனம், நட்டம் நேர்ந்த பகுதியில் பறந்த நிறுவனம் ஆகிய எதனிடமும் கேட்கலாம். நடைமுறையில் கடைசி நிறுவனம்தான் மனுவை எடுத்துக்கொள்ளும். அவர்களைக் கேளுங்கள், இவர்களைக் கேளுங்கள் என்று அலைக்கழித்தால் மான்ட்ரியல் உடன்படிக்கையின் 36-ஆம் பிரிவைச் சுட்டிக்காட்டுங்கள்.

இன்னும் புறப்படாதவர்கள், சான்றிதழ்கள், மருந்து, மடிக்கணினி, நகை ஆகியவற்றைப் பெரிய பெட்டியில் வைக்க வேண்டாம். விமான வாசலில் இடமில்லை என்று கைப்பையை வாங்கினால், இவற்றை வெளியே எடுத்துக்கொண்டு கொடுங்கள். பெட்டியை மூடுமுன் திறந்த நிலையில் ஒரு படம் எடுங்கள். பெயரும் எண்ணும் எழுதிய தாளை உள்ளேயும் போடுங்கள். வரம்புக்கு மேல் மதிப்புள்ள பொருளை அனுப்பியே ஆக வேண்டும் என்றால், பெட்டியை ஒப்படைக்கும்போது அதன் மதிப்பை அறிவித்துக் கூடுதல் கட்டணம் செலுத்தும் வழி உண்டு.

பயணக் காப்பீடு இருந்தால் அவர்களுக்கும் உடனே தெரிவியுங்கள், பி.ஐ.ஆர். நகலைக் கேட்பார்கள். ஒரே நட்டத்துக்கு இரண்டு இடத்தில் முழுத்தொகை வாங்க முடியாது. விமான நிறுவனம் மறுத்தால் எழுத்தில் காரணம் கேட்டு வாங்கி, கனடாவில் போக்குவரத்து முகமைக்கும், அமெரிக்காவில் போக்குவரத்துத் துறைக்கும் புகார் செய்யலாம். ஐரோப்பிய ஒன்றியத்தில் எல்லை கடந்த வழக்குகளுக்கு 5,000 யூரோ வரை எளிய சிறுவழக்கு நடைமுறை இருக்கிறது. அதற்கு வழக்கறிஞர் கட்டாயமில்லை.