கண்மாய்க் கரையில் கூடாரம்: தூக்கம் கெடாமலிருக்க

காரைக்குடிப் பக்கம் கண்மாயில் தூண்டில் போட்டுவிட்டு இரவு தங்குவதென்றால், முதல் வேலை மீன் குத்தகைக்காரரிடம் அனுமதி கேட்பது. கேட்காமல் இறங்கினால் நடுராத்திரியில் கிளப்பிவிடுவார்கள். அவர்கள் பக்கம்தான் நியாயம்.

உள்வாயில், அதாவது கண்மாயில் தண்ணீர் தேங்கும் உட்பக்கத்தில், கூடாரம் அடிக்காதீர்கள். ஐப்பசி, கார்த்திகையில் ஒரே மழையில் தண்ணீர் ஏறிவிடும். மேடான இடத்தில் செருப்புக்காலால் தரையைத் தேய்த்துப் பாருங்கள்: சீமைக்கருவேல முள் ஒன்று போதும், அடித்துணியையும் காற்று மெத்தையையும் சேர்த்தே துளைக்கும். பெருக்கிவிட்டுத் தார்ப்பாய் விரியுங்கள். அதன் ஓரம் வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் மழைநீரை வாங்கிக் கூடாரத்தின் அடியில் தேக்கும், உள்ளே மடித்துவிடுங்கள்.

செம்புறாங்கல் தரையில் கூடாரம் கட்டும் அலுமினிய முளை வளையும். ஓரடி இரும்புக் கம்பியை, தலை வெளிப்பக்கம் சாய, 45 பாகையில் அடியுங்கள்.

மண்புழு டப்பா உள்ளே வேண்டாம். எறும்பு வரும்.