மிசூரியின் சிற்றூர்களுக்கு வருவோர் கவனத்திற்கு: பள்ளி வாரியத்தின் நிகழ்ச்சி நிரலைப் படியுங்கள்

மருத்துவமனைப் பணிக்காகவோ ஆசிரியர் வேலைக்காகவோ அமெரிக்காவின் மிசூரி மாநிலச் சிற்றூர்களுக்குக் குடிவரும் தமிழ்க் குடும்பங்களுக்காக இதை எழுதுகிறேன். பிள்ளைகளைப் பள்ளியில் சேர்ப்பதில் சிரமம் ஒன்றுமில்லை. பிறப்புச் சான்று, தடுப்பூசி விவரம், வாடகை ஒப்பந்தம், பழைய பள்ளியின் மதிப்பெண் பட்டியல் ஆகியவற்றைக் கொடுத்தால் போதும்; நன்கொடையும் கிடையாது, சிபாரிசும் தேவையில்லை. வீடு பார்க்கும்போதே அது எந்தப் பள்ளி மாவட்டத்தில் வருகிறது என்று மட்டும் கேட்டுவிடுங்கள், ஏனெனில் அஞ்சல் முகவரியில் உள்ள ஊரும் பள்ளி மாவட்டமும் ஒன்றாக இருக்க வேண்டும் என்பதில்லை.

மாவட்டம் என்றவுடன் ஆட்சியர் அலுவலகத்தை நினைத்துக்கொள்ள வேண்டாம். இங்கே பள்ளி மாவட்டம் என்பது இரண்டு மூன்று ஊர்களும் அவற்றைச் சுற்றியுள்ள பண்ணைகளும் சேர்ந்து சில நூறு பிள்ளைகளைக் கொண்டதாகக்கூட இருக்கும். மாநிலத்தில் இப்படி 500-க்கும் மேற்பட்டவை உள்ளன. பெயருக்குப் பின்னால் வரும் ஆர்-1, ஆர்-2 போன்ற குறிகள், சின்னஞ்சிறு பள்ளிகளை ஒன்றிணைத்த 1948-ஆம் ஆண்டுச் சட்டத்தின் அடையாளம். ஒவ்வொரு மாவட்டத்தையும் பள்ளி வாரியம் நடத்துகிறது. சிற்றூர்களில் அதன் உறுப்பினர்கள் ஏழு பேர். ஏப்ரல் மாதத் தேர்தலில் ஊர்மக்கள் தேர்ந்தெடுக்கிறார்கள், பதவிக்காலம் மூன்று ஆண்டுகள், ஊதியம் இல்லை. எங்கள் வாரியத்தில் மாடு வளர்ப்பவர் ஒருவர், தீவனக் கடைக்காரர் ஒருவர், ஓய்வு பெற்ற ஆசிரியை ஒருவர் இருக்கிறார்கள். மாவட்டப் பள்ளிகளின் தலைமை நிர்வாகியான கண்காணிப்பாளரை நியமிப்பது, வரி விகிதத்தை நிர்ணயிப்பது, பேருந்து வாங்குவது, பள்ளி நாட்காட்டியை முடிவு செய்வது எல்லாம் இவர்கள் கையில்தான்.

இதைப் புரிந்துகொள்ளாததால்தான் நாங்கள் பட்டோம். நாங்கள் வந்த முதல் பிப்ரவரியில் என் மகனின் பையில் மஞ்சள் நிறத் தாள் ஒன்று வந்தது. வாரத்திற்கு நான்கு நாள் பள்ளி வைப்பது குறித்துப் பெற்றோரின் கருத்தைக் கேட்டிருந்தார்கள். நம் ஊரில் பள்ளி எத்தனை நாள் நடக்க வேண்டும் என்பதைக் கல்வித்துறை சென்னையில் முடிவு செய்யும், தலைமையாசிரியருக்கே அதில் பேச்சில்லை. அந்தப் பழக்கத்தில், இது ஏதோ சடங்குக்காகக் கேட்கிறார்கள் என்று எண்ணி, தாளைக் குளிர்பதனப் பெட்டியின் மேல் வைத்துவிட்டு மறந்துபோனேன். மார்ச் மாதக் கூட்டத்தில் வாரியம் வாக்கெடுத்து முடித்துவிட்டது. ஜூலையில் புதிய நாட்காட்டியைப் பார்த்தபோதுதான், திங்கட்கிழமைகளில் பள்ளி இல்லை என்பது எனக்குத் தெரிந்தது.

நானும் என் கணவரும் மருத்துவமனையில் பணிபுரிகிறோம். தென்காசியில் இருந்திருந்தால் அத்தை வீட்டில் விட்டுவிட்டுப் போயிருப்போம். இங்கே யாரிடம் விடுவது? இரண்டு பிள்ளைகளையும் பார்த்துக்கொள்ள ஒரு திங்கட்கிழமைக்கு 80 டாலர் கொடுத்தோம். ஆள் கிடைக்காத நாட்களில் இருவரில் ஒருவர் விடுப்பு எடுத்தோம்.

மாநிலச் சட்டம் 2009-லேயே நான்கு நாள் பள்ளிக்கு வழிவிட்டிருக்கிறது. ஆண்டுக்கு 1,044 மணி நேரம் வகுப்பு நடந்தால் போதும். 2024-இல் வந்த சட்டம் பெரிய நகரங்களிலும் சில பெரிய வட்டாரங்களிலும் மட்டும் வாக்காளர்களின் ஒப்புதலைக் கட்டாயமாக்கியது. சிற்றூர்களில் வாரியத்தின் தீர்மானமே போதுமானது. அவர்கள் பக்க நியாயமும் உண்டு. சட்டப்படி ஆசிரியருக்கான குறைந்தபட்ச ஆண்டு ஊதியம் பல ஆண்டுகள் 25,000 டாலராகவே இருந்தது; அதிக ஊதியம் தர முடியாத மாவட்டங்கள் மூன்று நாள் வார விடுமுறையைக் காட்டித்தான் ஆசிரியர்களை அழைக்கின்றன. நான் தீர்மானத்தை இன்றும் ஏற்கவில்லை, ஆனால் அதன் காரணம் பொய்யல்ல.

கண்காணிப்பாளரைப் பார்த்தேன். தாம் பரிந்துரை மட்டுமே செய்ய முடியும், வாக்களிப்பது வாரியம் என்று மரியாதையாகச் சொன்னார். செப்டம்பர் கூட்டத்திற்குப் போனேன். பள்ளி நூலகத்தில், குழந்தைகளுக்கான தாழ்ந்த நாற்காலிகளில் ஊர்க்காரர்கள் ஐந்தாறு பேர் அமர்ந்திருந்தார்கள். பேசுவதற்கு முன்கூட்டியே பெயர் கொடுத்திருக்க வேண்டும் என்பது அங்கே போன பிறகுதான் தெரிந்தது, பேசாமல் திரும்பினேன். அக்டோபரில் பெயர் கொடுத்து, திங்கட்கிழமைகளில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ஆளில்லாத சிக்கலைப் பற்றி மூன்று நிமிடம் பேசினேன். மேசையில் இருந்த சிறிய கடிகாரம் ஒலித்ததும் நிறுத்தினேன். ஏழு பேரில் ஒருவரும் வாய் திறக்கவில்லை. அவமதித்துவிட்டார்கள் என்று கண் கலங்க வெளியே வந்தபோது, அந்த ஓய்வு பெற்ற ஆசிரியை வண்டி நிறுத்துமிடம் வரை கூடவே நடந்து வந்து விளக்கினார்: நிகழ்ச்சி நிரலில் இல்லாத பொருளை வாரியம் கூட்டத்தில் விவாதிப்பதில்லை, அதனால்தான் அந்த மௌனம், நிரலில் சேர்க்கும்படி ஒரு உறுப்பினரையோ கண்காணிப்பாளரையோ கேட்க வேண்டும். நவம்பர் நிரலில் அவரே சேர்த்தார். ஜனவரியிலிருந்து கட்டணத்துடன் திங்கட்கிழமைக் காப்பகம் பள்ளியிலேயே நடக்கிறது.

ஆகவே வந்த வாரமே வாரியச் செயலரிடம் உங்கள் மின்னஞ்சலைக் கொடுத்து நிரலை அனுப்பச் சொல்லுங்கள். வார இறுதியும் விடுமுறையும் நீங்கலாகக் குறைந்தது 24 மணி நேரத்திற்கு முன் அதை வெளியிட வேண்டும் என்பது சட்டம். ஒரே நாள்தான் கிடைக்கக்கூடும் என்பதால் அன்றே படித்துவிடுங்கள். பேசுவதற்கான விதி மாவட்டத்திற்கு மாவட்டம் மாறும், கேட்டுக்கொள்ளுங்கள். ஒரு குறிப்பிட்ட மாணவர் அல்லது ஆசிரியர் பற்றிய குறையைப் பொதுக்கூட்டத்தில் எழுப்பாதீர்கள். அவற்றை மூடிய அமர்வில் பேசச் சட்டம் இடம் தருகிறது.

விசாவில் இருக்கும் நமக்கு வாக்கு இல்லை, உறுப்பினராகவும் முடியாது. ஆனால் கூட்டத்தில் யாரும் என்னிடம் குடியுரிமை கேட்கவில்லை. டிசம்பர் 31-க்குள் நம் காருக்கு நாம் கட்டும் சொத்து வரியிலும் ஒரு பங்கு இந்தப் பள்ளிக்குத்தான் போகிறது. காப்பகத்தைத் தொடர்வதா என்பது வரும் பிப்ரவரியில் மறுபடியும் நிரலில் வருகிறது. பேசுவதற்கு நான் பெயர் கொடுத்துவிட்டேன்.